வாசிக்கத் தெரியாத கம்மியர்

பாடியவனின் பெயர் நிலைத்து நிற்கும். அவன் மடியிலிருந்த கருவியைச் செய்தவனின் பெயரை நாம் கேட்பதுமில்லை. கேட்டாலும் நினைவில் வைப்பதில்லை. வீணையைக் கடைந்த தச்சனும், மிருதங்கத்துக்குத் தோல் வார்த்தவனும், நாகசுரத்துக்குச் சீவாளி கட்டியவனும் சபையின் பின்வரிசைக்குக்கூட அழைக்கப்படுவதில்லை. இந்த நன்றிமறதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று, உலகெங்கும் உள்ளதே. அந்த மறதிக்கு ஒருவகையில் விலக்கானவர் அமெரிக்கர் ஒருவர். அவர் பெயர் உலகின் மேடைகள் அனைத்திலும் கருவியின் தலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் பெயரை அறிந்தவர்கள் மனிதரை அறியார். அவர்தாம் கிளாரன்ஸ் லியோனிடாஸ் பென்டர் என்னும் லியோ பென்டர்.

நானும் அவரை அறிந்தவனல்லேன். விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு இசையில் கேள்வி ஞானம் உண்டேயன்றிக் கைப்பழக்கம் இல்லை. பழுதுபட்ட கருவியொன்றே என்னை அவரிடம் இட்டுச் சென்றது. ஆதலின் அந்தப் பழுதிலிருந்தே தொடங்குகிறேன்.

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டிலே உள்ளது எங்கள் நுரைச்சோலை. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே மணற்பாங்கான நிலத்தில் தென்னையும் மிளகாயும் வெங்காயமும். சோளகம் வீசத் தொடங்கினால் உப்பு எங்கும் நுழையும். கதவின் கீல், சைக்கிளின் சங்கிலி, வானொலியின் உட்கம்பி எதையும் அது விட்டுவைப்பதில்லை. சென்ற சோளகத்தின்போது என் பழைய மாணவன் ஒருவன் ஒரு பாஸ் கிற்றாரை உறையோடு தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். மீன்பிடித் தொழிலாளியின் மகன். திருமண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் வாசிக்கும் குழுவொன்றில் மந்தர ஸ்தாயியை ஏந்தி நிற்பவன். தலவிலத் திருவிழாக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஆண்டின் வருவாயில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களிலேதான் கிடைக்கும்.

அவன் இரண்டு குறைகளைச் சொன்னான். ஒன்று, கருவியின் கூர்மையான, தெளிந்த குரல் போய்விட்டது. மழுங்கிய குரல் ஒன்றே எஞ்சியிருக்கிறது. மற்றொன்று, முன்பு இல்லாத ஓர் இரைச்சல், வண்டு ரீங்காரமிடுவது போல இடைவிடாமல் ஒலிக்கிறது. நகரத்தில் ஒரு கடையில் காட்டினானாம். இதைச் செப்பம் செய்ய முடியாது, புதிதாக வாங்குவதே வழி என்று அனுப்பிவிட்டார்களாம். புதிதாக வாங்க அவனிடம் பணம் இல்லை. மின்சாரப் பாடம் நடத்திய ஆசிரியர் ஆயிற்றே என்ற நம்பிக்கையில் என்னிடம் வந்திருந்தான். நான் கருவியை மேசைமேல் வைத்துத் திருப்புளியை எடுத்தேன்.

மேசைமீது கிடந்தது ஆசிய நாடொன்றில் செய்யப்பட்ட மலிவான நகலேயாயினும் அதன் அமைப்பு முழுவதும் லியோ பென்டர் 1960இல் வெளியிட்ட ஜாஸ் பாஸ் என்னும் கருவியின் அமைப்பு. நான்கு தந்திகள். அவற்றின் கீழே, பிக்கப் எனப்படும் இரண்டு காந்தச் சுருள்கள். ஒன்று தண்டிக்கு அண்மையில். மற்றொன்று குதிரைக்கு அண்மையில். வீணையில் நாம் குதிரை என்று சொல்லும் உறுப்பைத்தான் மேனாட்டார் பாலம் என்று பெயரிட்டு அழைக்கின்றனர். திருகாணிகள் சிலவற்றைக் கழற்றியதும் கருவி தன் உள்ளத்தைக் காட்டிவிட்டது. எதுவும் பசையால் ஒட்டி மூடப்படவில்லை, எதுவும் மறைக்கப்படவில்லை. இப்படித் திறக்கத்தக்கதாக ஒரு பொருளைச் செய்தவன் எத்தகைய மனிதனாக இருப்பான் என்ற வியப்பு அப்போதுதான் எனக்கு உண்டாயிற்று. பின்னர் நான் படித்தறிந்ததை இங்கே சொல்லுகிறேன்.

லியோ பென்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் கலிபோர்னியாவில், அனஹைம், புல்லர்ட்டன் என்னும் ஊர்களின் அருகே பிறந்தார். பெற்றோர் தோடைத் தோட்டம் வைத்திருந்த உழவர்கள். எட்டு வயதில் அவருடைய இடக் கண்ணில் கட்டியொன்று உண்டாகி, அக்கண்ணை இழக்க நேர்ந்தது. அதன் இடத்தில் கண்ணாடிக் கண் வைக்கப்பட்டது. பிற்காலத்தில், இரண்டாம் உலகப்போரின்போது, அந்தக் குறையே அவரைப் படைச்சேவையிலிருந்து விலக்கியது.

அவருடைய பதின்மூன்றாம் வயதில், மோட்டார் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் கடை வைத்திருந்த மாமன் ஒருவர், கழித்துப்போட்ட வானொலி உறுப்புகளையும் ஒரு மின்கலத்தையும் பெட்டியில் இட்டு அனுப்பினார். அடுத்த ஆண்டு லியோ சாந்தா மரியா என்னும் ஊரிலிருந்த அந்தக் கடைக்கே போனார். மாமன் தம் கையால் அமைத்த வானொலி ஒன்று கடை வாயிலில் உரத்துப் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பேரொலி தம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை என்று அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். கழித்துப்போட்ட உறுப்புகளிலிருந்து இசை பிறக்கலாம் என்ற உண்மையை ஒரு சிறுவன் அன்று கண்டுகொண்டான். அவருடைய எண்பத்தொரு ஆண்டு வாழ்வும் அந்தக் காட்சியின் விரிவுரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் சிறுவயதில் சிறிது பியானோ பயின்றார், பின் சாக்சபோன் ஊதிப் பார்த்தார், இரண்டும் கைகூடவில்லை. கிற்றார் வாசிக்க அவர் எப்போதுமே கற்றாரில்லை. கல்லூரியில் அவர் படித்ததும் மின்னியலன்று, கணக்கியல். வானொலி நுட்பத்தைத் தாமே கற்றுக்கொண்டார். பனிக்கட்டி விற்கும் குழுமம் ஒன்றில் முதலில் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவராகவும், பின்னர்க் கணக்கப்பிள்ளையாகவும் பணியாற்றினார். 1934இல் எஸ்தர் என்னும் மங்கையை மணந்து, மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்காளரானார். பொருளாதார மந்தத்தில் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டது. சக்கர டயர் குழுமம் ஒன்றில் சேர்ந்தார். ஆறு மாதங்களில் அதுவும் போயிற்று.

இருமுறை வேலையிழந்த கணக்கப்பிள்ளை, 1938இல் 600 டொலர் கடன் வாங்கிப் புல்லர்ட்டனில் வானொலி செப்பம் செய்யும் கடையொன்றைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். லியோ பென்டர் கண்டுபிடிப்பாளராகத் தொடங்கவில்லை. பழுது பார்ப்பவராகவே தொடங்கினார். ஒரு பொருளைச் செய்பவனுக்கு அது எப்படி இயங்கும் என்பது தெரியும். பழுது பார்ப்பவனுக்கோ அது எப்படிக் கெடும் என்பதும் தெரியும். இரண்டாவது அறிவே அவருடைய முதல் மூலதனம்.

கடைக்கு வந்தவர்களில் நடனக் குழுக்களின் வாத்தியக்காரர் பலர். ஒலிபெருக்கி கெட்டது, கிற்றாரின் குரல் கூட்டத்தில் எடுபடவில்லை என்று அவர்கள் முறையிட்டனர். மின்சாரக் கிற்றார் அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. ஜோர்ஜ் போஷாம் என்பவர் 1930களின் தொடக்கத்திலேயே காந்தச் சுருள் பொருத்திய கிற்றாரை அமைத்து, ரிக்கன்பாக்கர் குழுமத்தின் வழியாக விற்பனைக்கு விட்டிருந்தார். அதன் தத்துவம் நம் மாணவர் யாவரும் படித்ததே. காந்தத்தைச் சுற்றி, தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்ற வேண்டும். அதன் மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசையும். புலம் அசையச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். பரடே 1831இல் கண்ட உண்மை இது. இம்முறையிலே மரம் பாடுவதில்லை. தந்தியின் அசைவு மின்சாரமாகி ஒலிபெருக்கியில் மீண்டும் அசைவாகிறது.

டொக் காப்மன் என்னும் வாத்தியக்காரர் லியோவின் நண்பரானார். இருவரும் சேர்ந்து 1945இல் மடியில் வைத்து வாசிக்கும் எஃகுக் கிற்றாரும் ஒலிபெருக்கியும் செய்யத் தொடங்கினர். காப்மன் துணிவு குறைந்தவர். கடன் சுமைக்கு அஞ்சி 1946இல் விலகிக்கொண்டார். லியோ தம் பெயரிலேயே தொழிற்சாலையை நடத்தினார். 1950இல் அவர் வெளியிட்ட கிற்றார், பெயர் மாற்றங்களுக்குப் பின் 1951இல் ரெலிகாஸ்டர் என்னும் பெயர் பெற்றது. திண்ணிய மரப்பலகை உடல். அதிலே நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்ட தண்டி. வழிவழியாகக் கிற்றார் செய்த கைவினைஞர்கள் அதைப் பார்த்து நகைத்தனர் என்பர். தண்டியைப் பசையால் ஒட்டி இழைப்பதே கலை என்பது அவர்கள் கொள்கை. லியோவுக்கோ, தண்டி வளைந்தால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம் என்பதே பெரிது.

1951இல் அவர் செய்ததுதான் உலக இசையின் அடித்தளத்தையே மாற்றியது. அதுவரை மந்தர ஸ்தாயியை ஏந்தியது ஆள் உயரம் நிற்கும் பெரிய டபுள் பாஸ். அதைத் தூக்கிச் செல்வது துன்பம். வண்டியில் ஏற்றுவது அதனினும் துன்பம். முரசுக்கும் எக்காளத்துக்கும் நடுவே அதன் ஒலி எடுபடுவதுமில்லை. மெட்டுகள் இல்லாததால் சுருதி தவறாமல் வாசிக்க நெடுநாட்பயிற்சி வேண்டும். லியோ, தோளில் தொங்கவிடத்தக்க, 34 அங்குலத் தந்திநீளம் கொண்ட, மெட்டுகள் பதித்த மின்சாரப் பாஸை அமைத்தார். மெட்டினால் சுருதி துல்லியமாக விழுவதால் அதற்குத் துல்லியம் எனப் பொருள்படும் பிரிசிஷன் பாஸ் என்று பெயரிட்டார். சியாட்டில் நகரத்துப் போல் டட்மார்க் 1930களிலேயே இதையொத்த கருவி செய்திருந்தார். ஆனால் அது பரவவில்லை. பென்டரின் கருவி பரவியது. லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மங்க் மொன்ட்கோமரி அதை ஏந்தி ஊர் ஊராகச் சென்றமை அதற்கு மதிப்புத் தேடித் தந்தது.

தமக்கு வாசிக்கத் தெரியாமை லியோவுக்குக் குறையாக இருந்ததா? ஒருவகையில் அதுவே அவருக்கு உதவியது என்று கருதுகிறேன். தாமே வாசிப்பவர் தம் விருப்பத்துக்கே கருவி செய்வார். லியோவோ பிறரைக் கேட்டே தீர வேண்டியிருந்தது. புதிய மாதிரிகளை உள்ளூர் நடன மண்டபங்களில் வாசிப்போரிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்தினார். 1953இல் ஹவாய்த் தீவில் பிறந்த பிரெடி தவாரெஸ் என்னும் கைதேர்ந்த வாத்தியக்காரர் அவரோடு சேர்ந்தார். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராற்றோகாஸ்டர் கிற்றாரில் அவருடைய பங்கு பெரிது. ஜோர்ஜ் புல்லர்ட்டன் தொழிற்சாலையிலும், டொன் ரண்டால் விற்பனையிலும், பொரஸ்ட் வைற் நிருவாகத்திலும் தோள் கொடுத்தனர். ஆகவே ஒரு பெயர் எழுதப்பட்ட கருவியில் பல கைகள் இருக்கின்றன. பிக்கப் சுருள்களைச் சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் ஒருவரான அபிகைல் யிபாரா 1950களில் பணிக்குச் சேர்ந்து அரைநூற்றாண்டுக்கு மேல் அந்த மெல்லிய கம்பியோடு வாழ்ந்தார். கருவியின் தலையில் எழுதப்படாத இத்தகைய பெயர்களையும் நாம் மறத்தல் ஆகாது.

இனி இரைச்சலின் கதைக்கு வருவோம். காந்தச் சுருள் தந்தியின் அசைவை மட்டும் கேட்பதில்லை. சுவரில் ஓடும் மின்கம்பியின் முனகலையும் கேட்கும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று மாறுவது. அதன் ஒலி, பாஸ் கிற்றாரின் தடித்த தந்தியில் மூன்றாம் மெட்டின் சுரத்துக்கு மிக அணித்தாக நிற்கிறது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. 2011இல் முதற் பிரிவும் 2014இல் ஏனைய இரண்டும் இயங்கத் தொடங்கிய லக்விஜய நிலக்கரி மின்நிலையம் நுரைச்சோலையிலேதான் இருக்கிறது. மூன்று பிரிவும் சேர்ந்து 900 மெகாவாட் தரவல்லவை. ஆகவே என் மாணவனின் கருவியில் ரீங்கரித்த வண்டு எங்கள் ஊரிலேயே பிறந்த வண்டாகவும் இருக்கலாம்.

இந்த முனகலை அடக்க லியோ கண்ட வழி எளியது. 1957இல் பிரிசிஷன் பாஸின் சுருளை இரண்டாகப் பிரித்தார். ஒன்றின் காந்தமுனை மேல் நோக்கினால் மற்றொன்றின் அதே முனை கீழ் நோக்கும்; கம்பிச் சுற்றின் மின்திசையும் அவ்வாறே எதிரெதிர். தந்தியின் ஒலிக்கு இந்த இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், இரு சுருள்களும் ஒருமித்துப் பேசும். சுவரின் முனகலோ காந்தத்தைப் பொருட்படுத்தாது; அது சுற்றின் திசையை மட்டுமே அறியும். ஆதலின் ஒரு சுருளில் ஏறும்போது மறு சுருளில் இறங்கித் தானே அழிந்துபோகும். 1960இல் ஜாஸ் பாஸ் வெளிவந்தபோது, இதே உறவை இரண்டு தனிப் பிக்கப்புகளுக்கு இடையே அமைத்தார்.

இரண்டு எதற்கு? தந்தி தண்டியோரத்தில் அகலமாக அசையும். அங்கே கேட்பது உருண்டு திரண்ட மூல ஒலி. குதிரையோரத்தில் அசைவு சிறிது. ஆனால் மேற்சுரங்கள் அங்கே மிகுதியாகக் கேட்கும். குரல் மெலிந்தும் கூர்ந்தும் தெளிந்தும் வரும். இரண்டையும் வேண்டிய அளவு கலந்துகொள்ளும் உரிமையை லியோ வாசிப்பவனின் விரலுக்குக் கொடுத்தார்.

அந்தக் கூர்ந்த குரலின் முழுப்பொருளையும் உலகுக்குக் காட்டியவர் புளோரிடாவில் வளர்ந்த ஜாக்கோ பஸ்ரோரியஸ் என்னும் இளைஞர். அவர் 1962ஆம் ஆண்டின் ஜாஸ் பாஸ் ஒன்றை எடுத்து, மெட்டுகளைக் களைந்து, பள்ளங்களை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் பிசினைப் பலகைமேல் பூசினார். குதிரையோரப் பிக்கப்பையே பெரிதும் நம்பி, அதுவரை பின்னணியில் நின்ற கருவியைப் பாட வைத்தார். 1976இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டு பாஸ் வாசிப்பின் வரலாற்றை இரண்டாகப் பகுத்தது. மனநோய் அவரை வருத்தியது. 1987இல், விடுதி வாயிலொன்றில் தாக்கப்பட்டு, முப்பத்தைந்தாம் வயதில் மாண்டார். செய்தவர் எண்ணாத பயனைக் கருவியில் கண்டவர் அவர். துல்லியத்துக்காக லியோ பதித்த மெட்டுகளையே அவர் பிடுங்கி எறிந்தார். அதற்கும் அந்தக் கருவி இடங்கொடுத்தது.

லியோவின் வாழ்வில் பெருந்திருப்பம் 1965இல் நேர்ந்தது. 1950களிலிருந்தே தலைக்குழிகளில் பற்றிய கிருமிநோய் அவரை விடாது வருத்திவந்தது. தம் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன என்று நம்பிய அவர், தொழிலை ஒப்படைத்துவிட முடிவு செய்தார். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனம் 130 இலட்சம் டொலருக்கு அதை வாங்கியது. 600 டொலர் கடனில் தொடங்கிய கடைக்கு இந்த விலை! ஆனால் விதியின் நகைப்பைப் பாருங்கள். விற்ற சிறிது காலத்துக்குள் அவர் வேறொரு மருத்துவரை நாடினார், நோய் தீர்ந்தது. உடல் திரும்பி வந்தது. தொழிற்சாலை திரும்பி வரவில்லை. பத்தாண்டுகள் போட்டித் தொழில் நடத்துவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தார். அதனினும் கொடிது, பென்டர் என்ற பெயர் இனி அவருடையதன்று. உலகம் முழுவதும் அவர் பெயர் பொறித்த கருவிகள் பாடின. அவற்றுள் ஒரு திருகாணியை மாற்றவும் அவருக்கு உரிமை இல்லை.

செல்வம் நிறைந்த ஐம்பத்தைந்து வயது மனிதர் இந்நிலையில் என்ன செய்வார்? ஓய்வெடுப்பார், பயணம் போவார். லியோவோ மீண்டும் பட்டறைக்கே போனார். தடைக்காலம் முடிந்ததும், பழைய தோழர்கள் தொடங்கி அவர் பொருளுதவி செய்திருந்த மியூசிக் மான் நிறுவனத்தின் தலைமையை 1975இல் ஏற்றார். 1976இல் வந்த அதன் ஸ்ரிங்ரே பாஸ், குதிரைப் பக்கமாக அமைந்த ஒரே தடித்த பிக்கப்பையும், மின்கலத்தால் இயங்கும் சுரத் திருத்தியையும் கொண்டது. பின்னர் 1979இல் ஜோர்ஜ் புல்லர்ட்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்னும் நிறுவனத்தை நிறுவினார். ஜோர்ஜும் லியோவும் என்பதன் முதலெழுத்துகளே அவை. முழுப் பெயரை இழந்தவர் ஓரெழுத்தில் தம்மை வைத்துக்கொண்டார். அதே ஆண்டில் மனைவி எஸ்தர் புற்றுநோயால் இறந்தார். 1980இல் பிலிஸ் என்னும் மங்கையை மறுமணம் செய்துகொண்டார்.

முதுமையில் நடுக்குவாதம் அவரைப் பற்றியது. திருகாணியையும் மெல்லிய கம்பியையும் ஆண்ட கைகளுக்கு அதனினும் கொடிய நோய் வேறென்ன உண்டு? ஆயினும் வாழ்வின் இறுதி நாள்கள்வரை அவர் பட்டறைக்குப் போய்க்கொண்டேயிருந்தார். 1991 மார்ச் 21ஆம் நாள் புல்லர்ட்டனில் காலமானார். அடுத்த ஆண்டு ரொக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவருடைய பணியறை அவர் விட்டுச்சென்றபடியே நெடுங்காலம் பேணப்பட்டது.

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. மின்சாரக் கிற்றாரை முதலில் கண்டவர் அவரல்லர்; மின்சாரப் பாஸைக்கூட அவருக்கு முன் ஒருவர் முயன்றிருக்கிறார். அவர் இலாபமும் நாடிய தொழிலதிபரே. திருகாணித் தண்டி அவருக்குச் செலவையும் குறைத்தது. ஆனால் மலிவுக்காகச் செய்யப்பட்ட பொருள்கள் பல, கெட்டதும் எறியத்தக்கனவாக இருக்கின்றன. இவருடைய கருவியோ மலிவும் திறவும் ஒருங்கே உடையது. பழுது பார்ப்பவன் நாளை வருவான் என்று எண்ணி, முகமறியாத அவனுக்காகவும் ஓர் இடம் விட்டுச் செய்த கருவி அது. அந்த முகமறியாதவன் நுரைச்சோலையில் ஒரு விஞ்ஞான ஆசிரியனாக இருப்பான் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

மீண்டும் என் மேசைக்கு வருகிறேன். தந்திகளைத் தளர்த்திக் குதிரையோரப் பிக்கப்பை மேலே எடுத்தோம். மல்ரிமீற்றரில் தண்டியோரச் சுருள் ஏழாயிரம் ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. குதிரையோரச் சுருளிலோ முள் அசையவே இல்லை. கம்பி எங்கோ அறுந்திருந்தது. மூடியைக் கழற்றினால், கம்பி முனையில் பச்சைக் களிம்பு. வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து அந்த மயிரிழையைத் தின்றிருந்தன. அப்போதுதான் மாணவன் சொன்ன இரு குறைகளும் ஒரு குறையே என்பது விளங்கிற்று. கூர்ந்த குரல் போனது, அதைக் கேட்கும் சுருள் இறந்ததால். இரைச்சல் எழுந்தது, அதை அழிக்கும் துணையை மற்றச் சுருள் இழந்ததால். பிழைத்திருந்த சுருள் புதிதாக எந்தத் தீங்கும் செய்யவில்லை; தனித்துப் போயிற்று, அவ்வளவே.

கொழும்பிலிருந்து புதிய பிக்கப் ஒன்று வருவித்தோம். குதிரையோரத்தது மற்றதைவிடச் சிறிது நீளமானது என்பதை அளந்து சொல்லியனுப்பியதால் குழியில் சரியாக அமர்ந்தது. பழைய வயர்களின் இடங்களைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, பற்றாசை இளக்கி அவற்றைக் கழற்றினேன். புதியதன் ஒரு வயரை ஒலியளவுக் குமிழின் முனையிலும், மற்றதை நிலவயரோடும் சேர்த்தேன். இரண்டு குமிழ்களையும் முழுதாகத் திறந்து அவன் வாசித்தபோது, ஏமாற்றமே கிடைத்தது. குரல் தகர டப்பாவிலிருந்து வருவதுபோல மெலிந்து ஒலித்தது, வண்டும் போகவில்லை. அவன் முகம் வாடிற்று. தன் கடைசிப் பணத்தையும் இதில் போட்டிருந்தான்.

பாடசாலையிலிருந்து சிறு திசைகாட்டியொன்றைக் கொண்டுவந்து ஒவ்வொரு பிக்கப்பின் அருகிலும் பிடித்தேன். ஒன்று ஊசியின் வடமுனையை இழுத்தது. மற்றது தென்முனையை இழுத்தது. காந்தங்கள் எதிரெதிராகவே இருந்தன. அப்படியானால் சுற்றின் திசைதான் எதிரெதிராக இல்லை. லியோவின் கணக்கில் இரண்டு மாற்றங்கள் வேண்டும்; நான் ஒன்றை மட்டுமே செய்திருந்தேன். புதிய பிக்கப்பின் இரு வயர்களையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாற்றினால் போதும். இம்முறை பற்றாசுக் கோலை நான் தொடவில்லை; அவன் கையில் கொடுத்தேன். முதலில் கை நடுங்கியது. பின் உறுதிப்பட்டது. ஈயம் பளபளவென்று ஓடிக் குளிர்ந்தது.

மீண்டும் இரண்டு குமிழ்களையும் திறந்தான். வண்டு இல்லை. மேசைமேலிருந்த மின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது; மின்நிலையமும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும்; ஆனால் கருவி மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தின் நடுவே அவன் ஒரு தந்தியை மீட்டினான். திரண்ட குரலும் தெளிந்த குரலும் ஒன்றாக எழுந்தன. நெடுநேரம் வாசித்தான். என்ன வாசித்தான் என்று சொல்லும் புலமை எனக்கில்லை. வாசிக்கத் தெரியாதவன் ஒருவன் அருகில் நின்று கேட்டு மகிழ்ந்தான் என்று மட்டும் சொல்லலாம். புல்லர்ட்டனில் அந்தக் கம்மியர் தம் வாழ்நாள் முழுதும் அடைந்த மகிழ்ச்சியும் இதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் திருவிழாக் காலத்தில் அவன் குழு வாசித்தது. அதன்பின் இன்னொரு நண்பனின் கருவியை அவனே திறந்து செப்பம் செய்தான் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் கேட்க வரவில்லை. ஆசிரியனுக்கு அதனினும் பெரிய நற்செய்தி வேறில்லை.